சங்கு குளித்தவர்களின் மூச்சு

தீர்ப்புச் சொல்லத் துணிச்சல் உள்ளவர்கள் மட்டும் இதைக் கேளுங்கள். மற்றவர்கள் பாவம், நிம்மதியாக இருக்கட்டும்.

ஓர் இரும்பு உருக்காலையில் திருமேனி என்றொரு மேஸ்திரி இருந்தார். ஊது உலையிலிருந்து வாயு கொண்டுபோகும் குழாய்கள் அவர் பொறுப்பு. பொல்லாத வாயு அது. நிறமில்லை, மணமில்லை, நாலு இழுப்பில் ஆளைச் சாய்த்துவிடும். குழாய்க் குழிக்குள் இறங்குகிறவன் காற்று சிலிண்டரும் முகமூடியும் மாட்டியே ஆகவேண்டும். அவை இருந்ததோ வெகுதூரம் தள்ளி, ஒரு பூட்டிய அறையில்.

திருமேனியிடம் சூசை, சந்தியாகு என்று அண்ணன் தம்பி இருவர் வேலை பார்த்தார்கள். சங்கு குளிக்கிற குடும்பம். இரண்டு நிமிடம் மூச்சடக்குவார்கள். அது போதாதா? குழிக்குள் வால்வைத் திருக வேண்டுமென்றால் திருமேனி அவர்களைத்தான் கூப்பிடுவார். "ரெண்டு நிமிச வேலைதானலே, முங்கி எந்திரிச்சு வா" என்பார். மற்றவர்கள் கைதட்டுவார்கள். மூன்று வருடம் இப்படியே ஓடியது. என்ன பெருமை, என்ன பெருமை!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்படிச் சொல்லித்தான் சந்தியாகுவை இறக்கினார். வால்வு இறுகிக் கிடந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் திருகியதில் பாதியிலேயே அவன் மூச்சு தீர்ந்தது. தன்னையறியாமல் காற்றை இழுத்தான். எட்டடி ஆழத்தில் சுருண்டு விழுந்தான்.

கூட நின்ற தொழிலாளி சாகுல் முகமூடி எடுக்க ஓடினான். சூசை குழிக்குள் பாயப் போனான். திருமேனி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் தள்ளி, மேலே விழுந்து அழுத்திக்கொண்டார்.

"விடுங்க அண்ணாச்சி! என் தம்பிய்யா அது! நான் மூச்சடக்குவேன்!"

"அவனுந்தான் அடக்கினான்லா? நீயும் போனா ரெண்டு பொணம்லே!"

சூசை அவர் கையைக் கடித்தான். ரத்தம் வந்தும் அவர் விடவில்லை. ஆறு நிமிடம் கழித்து இரண்டு முகமூடிகளோடு சாகுல் வந்தான். சூசையை மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, சாகுலும் திருமேனியும் முகமூடி மாட்டி இறங்கிச் சந்தியாகுவைத் தூக்கி வந்தார்கள். உயிர் போயிருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், சந்தியாகுவின் மனைவி கில்டா மூவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினாள். எட்டடிதானே, விட்டிருந்தால் தூக்கியிருப்பேன் என்றான் சூசை. இன்னும் வேகமாக ஓடியிருக்கலாமோ என்று அழுதான் சாகுல். விட்டிருந்தால் இந்த வீட்டில் இரண்டு தாலி அறுந்திருக்கும் என்றார் திருமேனி.

"நான் யாரைக் கும்பிட? யாரை வெறுக்க?" என்று கேட்டாள் கில்டா.

நீங்களே சொல்லுங்கள். பாயப்போன சூசை, பிடித்துவைத்த திருமேனி, ஓடிய சாகுல். இதில் யார் செய்தது சரி?

விடை: சாகுல் ஓடியது சரி. திருமேனி பிடித்ததும் சரிதான். வால்வைத் திருகவே பற்றாத மூச்சு, ஆளைத் தூக்க எப்படிப் பற்றும்? சூசைக்கு இருந்தது பாசம், அதை வைத்து மூச்சுவிட முடியாது. ஆனால் கில்டாவின் இரண்டாவது கேள்விக்கு அந்த ஆறு நிமிடத்தில் பதில் இல்லை. திருமேனிக்கு அது தெரியும். கில்டாவிடம் சொன்னார்: "முகமூடி இல்லாம அவனை எறக்கினது நான்தான் தாயி. என்னையவே வெறுத்துக்கோ."