வண்டிக்கு மூக்கு எங்கே?

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டுக்கே ஒரு வேன்தான். பழைய வேன். அதை ஒரு கரடி ஓட்டிக்கொண்டிருந்தது.

கோடை வந்துவிட்டால் அங்கே சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. தண்ணீருக்குப் பெரிய மடுவுக்குத்தான் போக வேண்டும். நடுவிலே ஓநாய்ப் பொட்டல். பெரியவர்கள் ஓடிக் கடந்துவிடுவார்கள். குட்டிகளால் முடியுமா? அதனால் தினமும் காலையில் கரடி குட்டிகளை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போகும். வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, வெயில் சாய்வதற்குள் கொண்டுவந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு கேன் பெட்ரோல். அதைக் கொடுப்பது நரி. முன்பெல்லாம் அந்த ஒரு கேன் ஏழு நாளுக்கும் வந்தது. இந்தக் கோடையில் என்ன ஆனதோ, ஐந்தாம் நாளே தீர்ந்துபோனது. மீதி இரண்டு நாளும் குட்டிகள் பொட்டலில் நடந்து போயின. ஒரு மான்குட்டியின் பின்னங்காலில் ஓநாயின் பல்லே பட்டுவிட்டது. தாய்மார்கள் எல்லாம் நடுங்கிப்போனார்கள்.

"வண்டிக்குத் தெம்பு இல்லண்ணே," என்றது நரி. "சாதா பெட்ரோலக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. இந்தச் சிவப்பு டிரம்ல இருக்கு பாருங்க, இது ஆக்டேன் ஜாஸ்தி. ஒரு கேன் ஊத்துங்க, பறக்கும்!"

"ஆக்டேன்னா?"

"பலம்ணே, பலம்!"

கரடிக்கு மற்றவரிடம் இல்லாத பொருள் என்றால் உயிர். ஒரு பெரிய தேன்கூட்டைக் கொடுத்துச் சிவப்பு பெட்ரோலை வாங்கி ஊற்றியது. அந்த வாரமும் ஐந்து நாள்தான்.

"பழகணும்ணே. இன்னொரு கேன் ஊத்துங்க," என்றது நரி. அடுத்த தேன்கூடும் போனது. மறுபடி ஐந்து நாள்தான்.

அந்தக் காட்டில் செவந்தி என்று ஒரு முயல் இருந்தது. கூச்ச சுபாவம். நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்காது. அதன் ஒரே குட்டி பொட்டு. பொட்டு ஓநாய்ப் பொட்டலில் நடக்கும் நாளில் செவந்தி பாதையிலேயே காத்து நிற்கும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேன் வந்து நின்றது. கொர்... கொர்... என்று இழுத்தது. செவந்தி காதைத் தூக்கிக் கேட்டது. தயங்கித் தயங்கிக் கரடியிடம் போனது.

"அண்ணே... வண்டிக்கு மூக்கு எங்க இருக்கு?"

"என்னது, மூக்கா?" கரடி தொப்பை குலுங்கச் சிரித்தது. "ஏ, எல்லாரும் வாங்க! செவந்தி வண்டிக்கு மூக்குத்தி போடப் போகுது!"

எல்லாரும் சிரித்தார்கள். செவந்தியின் காது இரண்டும் தொங்கிப்போயின. ஆனாலும் நகரவில்லை.

"இல்லண்ணே... பொட்டுக்குச் சளி பிடிச்சா இப்படித்தான் இழுக்கும். அப்ப எவ்வளவு நல்ல கீரை குடுத்தாலும் தின்னாது. மூக்கத் துடைச்சுவிட்டாத்தான் வாயத் திறக்கும்."

"சரி, பாத்துக்கோ!" கரடி கேலியாகச் சீட்டைத் தூக்கியது. "இந்த டப்பா வழியாத்தான் வண்டி காத்த இழுக்கும். ஏர் பில்டர்னு பேரு. போதுமா?"

டப்பாவைத் திறந்ததும் கரடியின் சிரிப்பு நின்றுபோனது. உள்ளே ஒரே புழுதி. சருகு. செத்த தேனீக்கள். ஊசி நுழைய இடம் இல்லை.

"கடைசியா எப்பண்ணே துடைச்சீங்க?"

"அது வந்து... போன..." கரடி விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து இரண்டும் வேலை பார்த்தன. கரடி பில்டரைத் தட்டித் தட்டித் தும்மியது. சக்கரங்கள் காற்று இல்லாமல் சப்பையாக உட்கார்ந்திருந்தன. செவந்தி கால் பம்பின் மேல் ஏறித் தங்கு தங்கென்று குதித்துக் காற்று அடித்தது. பின்சக்கரம் ஒன்றைக் கையால் சுற்றினால் சுற்றவே மாட்டேன் என்றது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கரடி அதில் அடைந்திருந்த சேற்றைச் சுரண்டித் துருவைத் தேய்த்துச் சரிசெய்தது.

வேன் தலையில் ஒரு பெரிய மரக்கட்டில் இருந்தது.

"இது எதுக்குண்ணே?"

"மத்தியானம் மடுவுக்கரையில படுக்கத்தான்."

"அங்கதான் புல்லு மெத்து மெத்துன்னு இருக்கே. இந்தக் கனத்தையும் வண்டிதானே சுமக்குது?"

கரடி முணுமுணுத்துக்கொண்டே கட்டிலை இறக்கிவைத்தது.

செவந்தி பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியைத் துடைத்தது. அழுக்குக்கு அடியில் எழுத்து தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தது: 'சாதா பெட்ரோல் போதும்.'

கேன் வாங்கும் நாள் வந்தது. கரடியிடம் தேன் தீர்ந்துபோயிருந்தது.

"நீயே போய்க் கெஞ்சி ஒரு கேன் சிவப்பு வாங்கிட்டு வா, புள்ள. உன் முகத்தப் பாத்தா இரக்கம் வரும்," என்று செவந்தியை அனுப்பியது.

நரிக்கு இரக்கம் வரவில்லை.

"தேன் இல்லாமச் சிவப்பா? சாதாதான் இருக்கு, எடுத்துட்டுப் போ. மூணாம் நாளே நடுப் பொட்டல்ல நிக்கும். அப்ப என்னைக் குத்தம் சொல்லக் கூடாது, ஆமா!"

செவந்தி சாதா பெட்ரோலை இழுத்துக்கொண்டு வந்தது.

"குடுத்துட்டானா? ஊத்து, ஊத்து!" என்று கரடி அவசரப்பட்டது. எது என்று கேட்கவே இல்லை. செவந்திக்கும் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் வேன் வந்தது. நான்காம் நாள் வந்தது. ஐந்தாம் நாளும் வந்தது.

ஆறாம் நாள் செவந்தி ஒரு வாய் அருகம்புல்கூடத் தின்னவில்லை. வேன் வரும் பாதையில் போய் நின்றது. வெயில் சாய்ந்தது. வேனைக் காணோம். 'நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்ணன் போயிருக்க மாட்டாரே. இப்ப அத்தனை குட்டியும் பொட்டல்ல நிக்குதோ என்னவோ' என்று நினைத்ததும் பொட்டலை நோக்கி நாலு தாவு தாவியது.

தூரத்தில் ஏதோ சத்தம். கொர் கொர் என்ற பழைய இழுப்பு இல்லை. மெதுவாக, சீராக வந்தது. அதனால் செவந்திக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. புழுதிக்குள்ளிருந்து வேன் வந்ததும்தான் தெரிந்தது.

"அம்மா! தவளை பிடிச்சு விளையாடினோமா, அதான் லேட்டு!" பொட்டு குதித்து இறங்கியது. காதெல்லாம் ஈரம். செவந்தி அதைத் திட்டவும் முடியாமல், அழவும் முடியாமல், நக்கி நக்கித் துடைத்துவிட்டது.

ஏழாம் நாளும் வேன் போய்விட்டு வந்தது. கரடி ஹாரனை அடித்துக் காட்டையே கூட்டியது.

"பாத்தீங்களா, ஏழு நாள்! எல்லாம் சிவப்பு பெட்ரோல் பண்ற வேலை!"

கூட்டத்தில் நரியும் நின்றது. தான் கொடுத்தது சாதா என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஓரக்கண்ணால் செவந்தியைப் பார்த்தது. இது எங்கே பேசப்போகிறது என்று நினைத்துக்கொண்டது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, அண்ணே! அடுத்த வாரத்துலேருந்து ரெண்டு தேன்கூடு குடுத்துடுங்க."

செவந்தியின் மூக்கு படபடவென்று துடித்தது. தரையைப் பார்த்தபடியே பேசியது.

"அண்ணே, நாம ஊத்தினது சாதாண்ணே. தேன் இல்லேன்னு சிவப்பத் தரல. மூடியிலயும் சாதா போதும்னுதான் எழுதியிருக்கு."

கரடி போய் மூடியில் இருந்ததைப் படித்துப் பார்த்தது. திரும்பி நரியைப் பார்த்தது.

"டேய், அப்ப ஆக்டேன்னா பலம் இல்லியா?"

"அது... சில இன்ஜின் பெட்ரோல ரொம்ப அழுத்திப் பிழியும்ணே. தீப்பொறி வர்ற வரைக்கும் பெட்ரோல் அவசரப்பட்டு வெடிக்காமப் பொறுத்திருக்கணும். அந்தப் பொறுமைதான் ஆக்டேன்."

"நம்ம வண்டிக்கு?"

"சாதாவுல இருக்கற பொறுமையே போதும்."

"இத ஏண்டா முதல்லயே சொல்லல?"

"பலமான்னு நீங்க மறுபடி கேக்கலையே, அண்ணே."

கரடி ஓர் உறுமல் உறுமியது. நரி போன திசையில் புழுதி மட்டும்தான் இருந்தது. குட்டிகள் எல்லாம் கைகொட்டிச் சிரித்தன.

கரடி செவந்தியிடம் திரும்பியது. "நீயாவது சொல்லக் கூடாதா, புள்ள? வாரம் பூரா வாய மூடிட்டு இருந்தியே!"

"பயமா இருந்துச்சுண்ணே. நடுவுல நின்னுட்டா..."

கரடி தலையைச் சொறிந்தது.

"அதான் நிக்கலையே!" என்றது.

செவந்தி முதல்முறையாக எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்தது.

நீதி: விலை கூடியதைத் தேடி ஓடும் முன், கையில் இருப்பதைச் சுத்தமாக வைத்திருக்கிறோமா என்று பார்.