கொன்றவர் பெயர்

சுநந்தா டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு துறவு வேண்டும் என்று ஒரு சமணப் பெண் துறவியிடம் வந்து சேர்ந்தார். அந்தத் துறவியை எல்லோரும் மாதாஜி என்பார்கள். அவர் டீச்சரை விட இருபது வயது இளையவர். ஐந்தாம் வகுப்பில் டீச்சரிடமே கணக்குப் படித்தவர். அதனால் குருவான பிறகும் சிஷ்யையை "டீச்சர்" என்றுதான் அழைத்தார்.

சமணத் துறவிகள் கையில் ஒரு மயிற்பீலி இருக்கும். மயில் தானாக உதிர்த்த இறகுகளைச் சேர்த்துக் கட்டியது. உட்காரும் முன் அதனால் தரையை மெல்ல வருடுவார்கள். சிற்றுயிர் ஏதும் இருந்தால் நோகாமல் விலகிப் போகும். துறவு தரும் நாளில் குரு ஒரு பீலியைச் சிஷ்யையின் கையில் கொடுப்பார். டீச்சர் அந்த நாளுக்காகக் காத்திருந்தார்.

இருவரும் கால்நடையாகவே பெருநகரத்துக்கு வந்து ஜினாலயம் எனும் சமணக் கோயில் ஒன்றில் தங்கியிருந்தார்கள். அங்கே டீச்சர் கேட்டார்.

"ஒரு வேளை உணவு பழகிவிட்டது. எந்த உயிரையும் மிதிக்காதபடி நாலு முழம் முன்னால் தரையைப் பார்த்து நடக்கவும் பழகிவிட்டது. இன்னும் என்ன குறை, மாதாஜி? எனக்கு எப்போது பீலி தருவீர்கள்?"

"இந்த ஊரில் உயிரினக் காட்சியகம் ஒன்று இருக்கிறதாம். நாளை எனக்கு உபவாசம். பகல் முழுக்க நேரம் இருக்கிறது. பார்த்துவிட்டு வருவோம்."

மறுநாள் வாசலிலேயே தகராறு. துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டுப் போகும்படி காவலாளி சொன்னார். துறவியின் பீலியைத் துடைப்பம் என்பதா என்று டீச்சர் சண்டை பிடித்தார். எனக்கென்ன தெரியும், பார்த்தால் கூட்டுவதற்கானது போலத்தான் இருக்கிறது என்றார் காவலாளி.

"கூட்டுவதற்குத்தான்," என்றார் மாதாஜி.

காவலாளி சிரித்து வழிவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

முதலில் பறவைக் கூடம். நடுவில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு மயில் தோகை விரித்து நின்றது. பஞ்சு அடைத்த மயில். டீச்சர் தன் குருவின் கையிலிருந்த பீலியைப் பார்த்தார். மறுபடியும் மயிலைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கண்கள்.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது. பறவையின் பெயர், கிடைத்த காடு, எடை, கொடுத்த ஜமீனின் பெயர், எல்லாம் அதில் இருந்தன. டீச்சர் இருமுறை படித்தார்.

"கொன்றவன் பெயர் எங்கே?" என்றார்.

அவர் பள்ளியில் அது ஒரு சட்டம். தப்பு செய்தவர் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுத வேண்டும். மணி அடிக்கும்வரை அழிக்கக் கூடாது. யார் பிள்ளையாக இருந்தாலும் சரி. தன் மகன் பெயரையும் அவர் எழுதியிருக்கிறார்.

கூடத்தின் மூலையில் ஜெசிந்தா என்ற காவல் பணிப்பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவரிடம் போனார். தினமும் இதற்கு நடுவில் உட்கார்ந்திருக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது என்று கேட்டார்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்தது மேடம். நான் தூசி தட்டுறதோட சரி," என்றார் ஜெசிந்தா.

மாதாஜி இதற்குள் மயில் பெட்டியின் அருகே தரையை வருடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உபவாசக் களைப்பு என்று டீச்சர் நினைத்தார். நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்றார் மாதாஜி.

டீச்சர் ஒவ்வொரு கூடமாகப் போனார். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனார். வண்ணத்துப்பூச்சிகளை மார்பில் குண்டூசி குத்தி வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிறக்காத மான்குட்டியை ஜாடியில் மிதக்க விட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் ஒரு குடும்பம் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. ஓர் அட்டையில்கூடக் கொன்றவன் பெயர் இல்லை.

"தானாகச் செத்து இங்கே நடந்து வந்தது போல எழுதி வைத்திருக்கிறார்கள், மாதாஜி."

மாதாஜி "உம்" என்றார். அவருடைய பீலி தரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் டீச்சர் அதிகாரியின் அறைக்கே போய்விட்டார். அதிகாரி இளைஞர். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அந்த மயில் மிகப் பழையது, சுட்டவர் யார் என்று பதிவு இல்லை, இத்தனை காலத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றார். ஒருவரும் கேட்காததுதான் குற்றம் என்றார் டீச்சர். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. கடைசியில் அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து எழுதாத அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பெயர் தெரிந்தால் நீங்களே எழுதிக் கொடுங்கள், அம்மா. மாட்டிவிடுகிறோம்."

ஆளை அனுப்பினால் போதும் என்றுதான் அவர் அதைக் கொடுத்தார். டீச்சருக்கு அது வெற்றி. அட்டையைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பறவைக் கூடத்துக்கு விரைந்தார். வாசலில் நுழையும்போதே மாதாஜி ஏதோ சொன்னார். மெதுவாக வரச் சொல்லியிருக்கலாம். டீச்சர் காதில் அது விழவில்லை.

மயில் பெட்டியின் முன்னால், காலையில் இல்லாத இடத்தில், "தொடாதீர்கள்" என்று எழுதிய பலகை நின்றது. டீச்சர் அதை ஒரு பக்கம் இழுத்துப் போட்டார். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கி நின்றார். இறக்கைக்குக் கீழே தையல் போட்ட இடம் ஒன்று தெரிந்தது.

"இதோ, மாதாஜி. குண்டு பாய்ந்த இடம். பாருங்கள், தைத்து மறைத்திருக்கிறார்கள்."

ஜெசிந்தா முக்காலியிலிருந்து எழுந்து வந்தார். "மேடம், காலை எடுங்க."

"நான் கண்ணாடியைத் தொடவில்லை."

"காலை எடுங்கன்னு சொன்னேன்."

"இந்தப் பறவைக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தால் என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறாயா?" என்றார் டீச்சர். கோபத்தில் அழுத்தமாகத் தரையை மிதித்தார்.

ஜெசிந்தா குனிந்து, டீச்சரின் கணுக்காலைப் பிடித்து, தூக்கி, அப்பால் வைத்தார்.

டீச்சர் அப்போதுதான் கீழே பார்த்தார். சன்னல் ஓரத்திலிருந்து மயில் பெட்டியின் அடிவரை ஓர் எறும்புச் சாரை. அவர் கால் இருந்த இடத்தில் அது அறுந்திருந்தது.

"காலையில யாரோ கடலை மிட்டாயைப் போட்டுட்டாங்க. பினாயில் ஊத்தலாம்னு வந்தேன். சாயந்தரம் வரைக்கும் விடும்மா, அதுங்களே எடுத்துட்டுப் போயிடும்னு இந்தம்மா கேட்டாங்க. அதான் போர்டை இங்க வச்சேன்," என்றார் ஜெசிந்தா. பிறகு, தன்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பது போல, "எனக்கு எறும்புன்னாலே ஆகாது. வீட்டுல மருந்து சாக்பீஸ்தான் போடுவேன்," என்றும் சொன்னார்.

டீச்சர் தரையில் உட்கார்ந்தார். ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. மற்றவை சுற்றிப் போக வழி தேடின. சில அசையவே இல்லை.

டீச்சர் கேட்டார். "மயிலுக்கு நடந்தது அநியாயம்தானே, மாதாஜி?"

"அநியாயம்தான்."

"நான் கேட்டது தப்பா?"

"கேட்க வேண்டியதுதான்."

மூடும் நேரம் என்று மணி அடித்தது. ஜெசிந்தா சன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"இனி உங்களிடம் பீலி கேட்க மாட்டேன்," என்றார்.

மாதாஜி அறுந்த சாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதிகாரி கொடுத்த அட்டை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"மயிலைக் கொன்றவர் பெயர் நமக்குத் தெரியாது. இவற்றைக் கொன்றவர் பெயர் தெரியும். எழுதுங்கள், டீச்சர். எழுதிவிட்டு வந்து கேளுங்கள்."