சுருண்டு கிடந்த அழுங்கும் முந்திச் சொன்ன மைனாவும்

ஒரு முள்ளம்பன்றியின் வளையை நரி பிடுங்கிக்கொண்டது. முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு புதரடியில் கிடந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கைக் கேட்கக் காட்டில் நீதிபதி இல்லை. பழைய நீதிபதியான ஆமை இறந்துவிட்டது.

காட்டின் தலைவரான யானை, அந்தப் பதவிக்கு எறும்புதின்னியான அழுங்கின் பெயரைச் சொன்னது. இரு தரப்பையும் கடைசிவரை கேட்கும் பொறுமை அதற்கு உண்டு என்றது. இனி சபை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

மைனாவும் கரிச்சான் குருவியும் காட்டுக்குச் செய்தி சொல்பவை. யார் முந்திச் சொல்கிறாரோ அவருடைய மரத்தடியில்தான் கூட்டம் சேரும். அந்த அவசரத்தில், யானையின் பக்கத்தில் மயில் நின்றதைப் பார்த்த மைனா, யானை பெயர் சொல்வதற்கு முதல் நாளே மயில்தான் நீதிபதி என்று கூவிவிட்டது.

"என்ன அக்கா, உங்கள் மயில் பதவி ஏற்றாயிற்றா?" என்று எல்லார் முன்பும் கேட்டது கரிச்சான். கூட்டம் சிரித்துவிட்டுக் கரிச்சானின் மரத்தடிக்குப் போய்விட்டது. மைனா அழுங்கைத் தேடிப் பறந்தது.

அழுங்கு இரவில் நடமாடும் பிராணி. பகல் பறவைகள் அதைப் பார்த்ததே இல்லை. மைனாவின் பின்னால் பெரும் பறவைக் கூட்டம் அதன் வளை வாசலில் இறங்கி, ஆளுக்கொரு கேள்வியாகக் கத்தியது. வெளியே எட்டிப் பார்த்த அழுங்கு பயந்துபோய், தன் இனத்தின் வழக்கப்படி பந்தாகச் சுருண்டுகொண்டது.

"பதில் சொல்ல மறுக்கிறது! உள்ளே எதையோ மறைக்கிறது!" என்று மைனா கூவியது. கூட்டம் மைனாவின் மரத்தடிக்கே திரும்பி வந்தது.

எறும்பைத் தின்பவரிடம் எறும்புக்கு நியாயம் கிடைக்குமா என்றது கரிச்சான். நல்லவருக்குச் செதில் கவசம் எதற்கு என்றது மைனா. அழுங்கு வழக்குக் கேட்கும் விதத்தைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. முள்ளம்பன்றி மரத்தடிக்கு வந்து, தன் வளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சியது. இப்போது அழுங்குச் செய்திதான் ஓடுகிறது, பிறகு வா என்று மைனா அதை அனுப்பிவிட்டது.

சபை கூடி, அழுங்கு வேண்டாம் என்றது. யானை வேறு பெயரை யோசிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட காலையில் கரிச்சான் கூப்பிட்டது. "அக்கா, புதரடியில் அழுங்கு மறுபடியும் சுருண்டு கிடக்கிறது. வாருங்கள்!"

மைனா கிட்டே போய்ப் பார்த்தது. செதில்களுக்கு நடுவே இரண்டு சின்ன மூக்குகள் தெரிந்தன. பக்கத்தில் தாய் முள்ளம்பன்றி சொட்டச் சொட்ட நனைந்து நின்றது.

"என் முள் மழையைத் தடுக்காது. ராத்திரி முழுக்க இதுதான் குட்டிகளை மூடிக்கொண்டு கிடக்கிறது" என்றது.

மைனா மெதுவாக அழுங்கிடம் கேட்டது. "அன்றைக்கு ஏன் நீ பதில் சொல்லவில்லை?"

அழுங்கு சுருண்டபடியே சொன்னது. "கேட்டுவிட்டு யாராவது வாயை மூடினால்தானே நான் பேச முடியும்?"

"அக்கா, இதை நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?" என்று அவசரப்பட்டது கரிச்சான். மைனா தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது. நரியோ முள்ளம்பன்றியின் வளைக்குள் கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பதில் சொல்ல இடம் கொடுக்காமல் கேள்வி கேட்டு, பிறகு அந்த மௌனத்தையே குற்றம் என்று ஊருக்குச் சொல்வது பெரும் அநியாயம்.