பள்ளத்தெருவில் மணி அடிக்கவில்லை

மலைச் சரிவில் இருந்த அந்தச் சிற்றூரில் தெருக்கள் இரண்டே. சாலையோரம் இருந்தது மேல்வீதி. அதிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கினால் பள்ளத்தெரு. மலை மறைப்பதால் பள்ளத்தெருவில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. லேண்ட்லைன் ஒன்றுதான் அங்கிருந்தவர்களுக்கு வெளியுலகம்.

மேல்வீதியில் பரஞ்சோதி சாமியின் தியான இல்லம் இருந்தது. சாமிக்கு நாற்பது வயதுதான். வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் செண்பகவல்லியும் அவர்களில் ஒருத்தி.

அந்த ஆண்டு தொலைபேசிக் கம்பெனி பழைய காப்பர் லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டது. மேல்வீதியில் எல்லா வீட்டுக்கும் வந்தது. சாமியின் ஞாயிறு பேச்சைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் தடங்கலில்லாமல் பார்த்தார்கள். பள்ளத்தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. ஆனால் அங்கே ஓடிய காப்பர் கம்பியைக் கம்பெனிக்காரர்கள் மறக்காமல் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பள்ளத்தெரு ஆபிரகாமின் மனைவி ரெபேக்காள் அடுப்படியில் சாய்ந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆபிரகாம் பழக்கத்தில் போனை எடுத்தார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் நினைவு வந்து, முழங்கால் வலியோடு வழுக்குப் படிகளில் ஏறினார். மேல்வீதிக்கு வந்து கதவுகளைத் தட்டினார். முதலில் திறந்தது செண்பகவல்லியின் கதவு. ஆம்புலன்ஸ் வந்து, ஆளைத் தூக்கி மேலே கொண்டுவருவதற்குள் நேரம் கடந்துவிட்டது.

ரெபேக்காள் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது. தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள் அவள்.

இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோயிருந்தால் அந்தப் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். வார்டில் அப்படிப் பலரைக் காப்பாற்றியவள். அது தெரிந்ததுதான் அவளைத் தின்றது.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். மேனேஜர் மகுடபதி நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"கீழே வீடுகள் கம்மி மேடம். கட்டுப்படியாகாது."

"அப்ப பழைய லைனை ஏன் எடுத்தீங்க?"

"அது பாலிசி. எல்லா இடத்துலயும் எடுக்கறோம்."

"ஒரு பொம்பளை ஊமையாயிட்டா சார்."

"வருத்தமான விஷயம்தான். உங்க வீட்டுல ஃபைபர் நல்லா வருதில்ல?"

மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டு விழும்படி செண்பகவல்லி எழுந்தாள். அன்று அவள் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

மாலையில் தியான இல்லத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி கோதண்டம் அவளைத் தனியே அழைத்தார்.

"கேள்விப்பட்டேன். இத்தனை வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்து என்னம்மா பிரயோஜனம்? மூச்சைக் கவனிங்க. தானா அடங்கும்."

அவள் மூச்சைக் கவனித்தாள். மூச்சு கொதித்தது. வாரங்கள் போயின. அடங்கவில்லை.

கடைசியில் சாமியிடம் போனாள். அவர் செருப்பில் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எனக்குள்ள இருக்கற கோபத்தை எடுத்துடுங்க. சாப்பிட முடியலை. உட்கார முடியலை. இது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க."

"யார் மேல கோபம்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. சாமி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ரெபேக்காளுக்குப் பக்கவாதம் வந்தது அவருக்குத் தெரியும். போன் இல்லாமல்தான் அந்த நேரம் போயிற்று என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.



"ஆபிரகாம் வீட்டு முற்றத்துல எத்தனை பேர் உட்காரலாம்?" என்று கேட்டார்.

"நெருக்கி உட்கார்ந்தா இருபது பேர்."

சாமி தைத்து முடிக்காத செருப்போடு எழுந்து படியிறங்கினார்.

ஆபிரகாம் மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சாமியைப் பார்த்ததும் குழம்பினார்.

"நாங்க வேதக்காரங்க சாமி."

"தெரியும் ஐயா. நான் சும்மா உட்காரத்தான் கேட்கறேன். ஞாயித்துக்கிழமை காலையில. நீங்க கோயிலுக்குப் போற நேரத்துல இந்த அம்மாவுக்குத் துணையாவும் இருக்கும்."

ஆபிரகாம் மனைவியைப் பார்த்தார். அவள் இடது கையை மெல்ல அசைத்தாள். வரட்டும் என்று அதற்கு அர்த்தம்.

அந்த ஞாயிறு சாமி பள்ளத்தெருவில் உட்கார்ந்தார். படியிறங்க முடிந்தவர்கள் வந்தார்கள். மற்றவர்களின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. சிங்கப்பூரிலிருந்து போன், துபாயிலிருந்து போன், சென்னையிலிருந்து போன். தியான இல்லத்தில் போனை எடுத்தவர்கள் எல்லோரிடமும், "சாமி இருக்கற இடத்துல லைன் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு கோதண்டம் கைத்தடியை ஊன்றி, மூச்சிரைக்க, பள்ளத்தெருவுக்கு இறங்கி வந்தார்.

"என்ன சாமி இது? என் மக சிங்கப்பூர்லயிருந்து கத்தறா. வாரம் பூரா இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவ காத்திருக்கா. மேல அருமையான லைன் இருக்கு. நீங்க இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க!"

"இங்க லைன் இல்லையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். மேல வாங்க."

"நான் வந்துடுவேன். இவங்க எங்க வருவாங்க?"

கோதண்டத்தின் முகம் சிவந்தது. "அப்படின்னா கம்பெனிக்காரன் சட்டையைப் பிடிச்சிருக்கணும்! வேலை செஞ்சிட்டிருந்த லைனை அவன் எப்படி அறுக்கலாம்? யாரும் போய்க் கேட்கலையா?"

"நான் கேட்டேன்" என்றாள் செண்பகவல்லி. "நீங்க என்னை மூச்சைக் கவனிக்கச் சொன்னீங்க."

 உள்ளே கட்டிலில் கிடந்த ரெபேக்காள் கோதண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மறுநாள் கம்பெனி மேஜையை அவர் தட்டியது ஊரெல்லாம் பேச்சானது. வெளிநாட்டிலிருந்தும் புகார்கள் வந்து குவிந்தன. அடுத்த ஞாயிறே மகுடபதி ஆபிரகாமின் வாசலில் வந்து நின்றார்.

"சாமி, உங்க நிகழ்ச்சிக்கு மட்டும் மேலயிருந்து ஒரு லைன் இழுத்துக் குடுத்துடறோம். உங்க பேச்சு தடைபடக் கூடாது."

சாமி எப்போதும் தணிந்த குரலில் பேசுகிறவர். அன்று அங்கிருந்தவர்கள் அவருடைய இன்னொரு குரலைக் கேட்டார்கள்.

"என் பேச்சா? என் பேச்சு நின்னா யாருக்கு என்னய்யா நஷ்டம்? உள்ள வா. வந்து இந்த அம்மாகிட்ட சொல்லு, யாரோட பேச்சு தடைபடக் கூடாதுன்னு."

மகுடபதி உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றார். ஆபிரகாம்தான் கடைசியில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். மகுடபதியால் அதில் உட்காரவும் முடியவில்லை.

"எல்லா வீட்டுக்கும் போடச் சொல்றேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கரண்ட் போனா ஃபைபர் போன் செத்துடும்" என்றாள் செண்பகவல்லி. "பழைய லைன் அப்படிச் சாகாது. வீட்டுக்கு வீடு பேட்டரி வெச்சுக் குடுங்க. மழைக்காலத்துலதான் இங்க ஆள் விழறாங்க."

"வெக்கறோம் மேடம்."

மார்கழிக்குள் படியோரம் பள்ளம் தோண்டிக் குழாய் புதைத்தார்கள். பள்ளத்தெருவின் எல்லா வீட்டிலும் வெள்ளைப் பெட்டி ஒன்று சுவரில் ஏறியது. கீழே ஒரு பேட்டரி.

ஆபிரகாம் வீட்டில் லைன் வந்த அன்று முதலில் கூப்பிட்டது ரெபேக்காளின் தங்கை. தூத்துக்குடியிலிருந்து. ஆபிரகாம் ரிசீவரை மனைவியின் காதில் வைத்தார். தங்கை என்னவோ கேட்டிருக்கிறாள். ரெபேக்காளின் உதடுகள் அசைந்தன. தொண்டை நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. மறுமுனையில் தங்கை, "அக்கா, லைன்ல இருக்கியா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

செண்பகவல்லி வெளியே வந்துவிட்டாள்.

முற்றத்தில் சாமி தனியாக நின்றிருந்தார். மேல்வீதியில் யார் வீட்டிலோ வெடி வெடித்தார்கள். லைன் வந்ததற்கு.

"சாமி" என்றாள். "கேட்டது எல்லாம் கிடைச்சாச்சு. அந்த மேனேஜர்கூட என்னைக் கண்டா இப்ப எழுந்து நிக்கறார். இனிமேலாவது என் மனசு அடங்கணும்தானே? ஏன் அடங்க மாட்டேங்குது?"

"அந்த அம்மாவுக்குப் பேச்சு வந்துடுச்சா?"

"இல்லை சாமி."

"அப்புறம் உங்களுக்கு மட்டும் என்னம்மா அவசரம்?"