பாயசத்துக்கு முன்னால் மடித்த இலை

"டீச்சர், சத்தம் வருது. வண்டிதான் வர மாட்டேங்குது."

ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே நாச்சிமுத்து புலம்ப ஆரம்பித்துவிட்டார். பந்தய பைக்குகளுக்கு இன்ஜின் கட்டுகிறவர், வயது ஐம்பத்தைந்து. கோயம்புத்தூரில் அவருக்கு வாய்த்த குருவோ அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் ஆக்னஸ். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் காம்ஷாப்ட்டைச் செதுக்குவதில் கெட்டிக்காரி என்பதால் எல்லோருக்கும் டீச்சர்.

"என்ன பண்ணுனீங்க?"

"எக்சாஸ்ட் வால்வ இன்னுங் கொஞ்சம் சீக்கிரமாத் தொறக்க வெச்சேனுங்க. மூடறதயும் தள்ளிப் போட்டேன். வெடிச்ச காத்து பிஸ்டனத் தள்ளிட்டு வெளிய போகோணுமல்லங்க? போறதுக்கு நேரம் நெறைய இருந்தா நல்லதுதானுங்களே?"

"போன மாசமும் அதத்தானே பண்ணுனீங்க?"

"அப்பப் பண்ணுனது பத்தலைங்க."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி ஓட்டுவது நாச்சிமுத்துவின் மகள் பூரணி. நேர்ப் பாதையில், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது, வண்டி சீறும். ஆனால் பந்தயம் நடக்கும் ட்ராக்கில் நேர்ப் பாதையே கொஞ்சம்தான், மற்றதெல்லாம் வளைவு. வேகம் குறைத்துத் திரும்பினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், வண்டி இழுக்காமல் தூங்கி வழியும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலும் கடைசியாக வந்தால் வேறு டீமுக்குப் போய்விடுவதாகப் பூரணி சொல்லிவிட்டாள். பெற்ற மகள் எதிர் டீமில் நிற்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் எவ்வளவு சீக்கிரம் தொறக்கட்டுங்க?"

"கல்யாணத்துக்குப் போலாம், வாங்க."

"இப்பவா?"

"லேத் கடைக்காரர் பொண்ணு கல்யாணம். எதிர்த்த மண்டபம்தான். உங்களுக்கும் பத்திரிகை வெச்சாங்களே?"

குரு சொன்னால் மறுபேச்சு ஏது? போனார்கள்.

முதல் பந்தி. தாலி கட்டி முடிந்ததும் முடியாததுமாக நாச்சிமுத்து உட்கார்ந்துவிட்டார். டீச்சர் உட்காராமல் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். சாம்பார் போனது, ரசம் போனது, பாயசம் வந்தது. நாச்சிமுத்து ஆசை ஆசையாக அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தார்.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு இலையை மடித்தது.

பாயசம் வேட்டியில் வழிந்தது.

"ஐயோ, என்னுங்க டீச்சர்! இன்னும் ஒரு வாய்கூட வெக்கலயே!"

"அடுத்த பந்திக்கு எடம் வேணுமுங்க."

நாச்சிமுத்து சுற்றிலும் பார்த்தார். பாதி நாற்காலி காலி. பரிமாறுகிறவர்களே சுவரில் சாய்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். குரு என்பதையும் மறந்து அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கூட்டம் முண்டியடிச்சா எலயச் சீக்கிரம் எடுக்கறதுல நாயமிருக்குதுங்க. இங்க ஆளே இல்ல! நல்லதெல்லாம் எலைலயே கெடக்குது! யாருக்குங்க இவ்வளவு அவசரம்?"

"அதத்தாங்க வளைவுல உங்க இன்ஜினும் கேக்குது" என்றார் டீச்சர்.