பச்சை அட்டை மாட்டியவர்

"மேடம், கையெழுத்துப் போட ஆரம்பிச்ச நாள்லேருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் சற்குணம். மேடவாக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்தின் சூப்பர்வைசர். வயது ஐம்பத்திரண்டு. தினமும் காலையில் சாரத்தைச் சோதித்து, கையெழுத்துப் போட்டுப் பச்சை அட்டை மாட்டும் பொறுப்பு போன வாரம்தான் அவர் தலையில் விழுந்தது. அட்டை தொங்கினால் ஆள் ஏறலாம். தொங்காவிட்டால் முதலாளியே வந்தாலும் ஏறக் கூடாது.

இந்த வேலையை அவருக்குப் பழக்கிக் கொடுத்தவள் ஜெசிந்தா. பாதுகாப்பு அதிகாரி. அவரைவிட இருபது வயது சின்னவள்.

"இன்னைக்குப் போட்டாச்சா சார்?"

"ஏழரைக்கே போட்டுட்டேன்."

"எல்லாம் பார்த்தீங்களா?"

"நேத்துக் காலைல பார்த்தேன் மேடம். சாரம் அதேதானே? லிஸ்ட்ல அப்படியே டிக் அடிச்சுட்டேன்."

மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த மட்டும் நல்லது.

ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாரத்தை நோக்கி நடந்தாள். சற்குணம் பின்னாலேயே ஓடினார்.

அவள் ஏணியில் கால் வைத்தாள்.

"நீங்க போட்ட கையெழுத்து. ஏறவா?"

சற்குணம் பச்சை அட்டையைப் பார்த்தார். ஆடிக் காற்று சாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலையைப் பிடித்து இழுத்தது. மேலே எங்கோ ஒரு பைப் கடகடத்தது.

அவள் இரண்டாவது படி ஏறினாள். மூன்றாவது படி.

"ஏறாதீங்க மேடம்! இறங்குங்க! நான் பார்க்கலை!"

ஜெசிந்தா இறங்கினாள். அவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

நாலாவது மாடியில் ஐந்து பேர் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். அட்டையைப் பார்த்துவிட்டு ஏறியவர்கள்.

சற்குணம் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார்.

"பழனியாண்டி! வேலையை நிறுத்து! எல்லாரும் இறங்குங்க! ஓடாதீங்கப்பா, ஒவ்வொருத்தரா!"

ஒருவர் இறங்கினார். இன்னொருவர். மூன்றாவது ஆள் பாதி வழியில் நின்று, கரண்டியை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று மறுபடி மேலே ஏறப் பார்த்தான். சற்குணம் அழாத குறையாக அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். வந்துவிட்டான்.

கடைசியாக இறங்கினார் கொத்தனார் பழனியாண்டி.

"என்ன சார், பாதியில கூப்பிட்டீங்க?"

"சாரத்தைச் சுவரோட பிடிச்சிருக்கிற பைப்பெல்லாம் இருக்காய்யா?"

"அதுவா? பூச்சுக்கு இடைஞ்சலா இருந்துச்சு. நேத்து சாயங்காலம் ஆறு பைப்பைக் கழட்டி வச்சோம். காஞ்சதும் மாட்டிக்கலாம்னு..."

சற்குணம் நேராக ஏணியடிக்குப் போனார். பச்சை அட்டையைக் கழற்றிச் சிவப்பை மாட்டினார்.

"பயம் போக வழி கேட்டேன். நீங்க சொல்லவே இல்லையே மேடம்."

"'ஏறாதீங்க'ன்னு கத்துனது நீங்களா, அந்தப் பயமா சார்?"