லாசரின் ஒரு நிமிடம்

கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்லவேண்டிய கதை இது. ஆகவே சும்மா 'உம்' கொட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பெரம்பூரில் ஆரோன் தங்கதுரை என்று ஒரு ட்ரம்ஸ்காரர். வயது எழுபத்தொன்று. ஒரு ஜாஸ் இசைக்குழுவின் தலைவர். போட்டியிட்டு வென்ற பதவி இல்லை; ஆறு பேரில் மற்ற ஐவரும் ஒருவர் பின் ஒருவராகக் கல்லறைக்குப் போய்விட்டதால் அவர் தலையில் வந்து விழுந்தது. ஐவரும் அவருக்கு மூத்தவர்கள், தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள். வீட்டில் மனைவியும் இல்லை. காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கிற சத்தத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வேறு சத்தம் கேட்காது.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் நடுவே ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்க ஒரு முறை வரும். அவர் தன் மனம்போல வாசிக்கலாம். அப்போது ட்ரம்ஸ்காரருக்கு இரண்டு வேலை. வலக்கை தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இடக்கை, வாசிப்பவர் சொல்வதற்குப் பதில் சொல்லும்.

மூத்தவர்களுக்கு மரியாதை செய்ய, ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு மாலைக் கச்சேரி வைப்பார் ஆரோன். மற்றப் பாட்டுகளைப் புதியவர்கள் வாசிப்பார்கள். கடைசிப் பாட்டில் மட்டும் ஐவரின் முறைகளும் காலியாக விடப்படும், ஆளுக்கு ஒரு நிமிடம். ட்ரம்ஸ் மட்டும் மெதுவாக ஓடும். சபையில் பாதிப் பேர் அந்த நேரம் பார்த்துக் கட்லெட் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இதற்கு வழி வகுத்தவர் பியானோ லாசர். ஐவரில் முதலில் போனவர் அவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆரோனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "என் முறையில வேற யாரையும் வாசிக்க விடாதடா. காலியாவே இருக்கட்டும். நீ தாளத்த மட்டும் பிடிச்சுக்கோ."

ஆரோன் சத்தியம் செய்து கொடுத்தார். பின்னால் போன நால்வருக்கும் அதுவே வழக்கமாயிற்று. இப்படி ஒன்பது வருடம்.

லாசரின் மனைவி ஃப்ளோரா வருடம் தவறாமல் வருவார், அந்த ஒரு நிமிடத்துக்காக. முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வீட்டில்கூட லாசர் இப்படி அருகில் இருந்ததில்லை என்பார்.

புதிய பியானோக்காரி பெர்சிஸ் நான்கு வருடமாக அந்த நிமிடத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆரோனையே பார்த்துக்கொண்டிருந்தவள். அவருடைய இடக்கை சும்மா இருந்ததே இல்லை. காத்திருக்கும், ஒரு தட்டு தட்டும், மறுபடி காத்திருக்கும். போனில் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்குமே, அதுபோல. வருடம் முழுக்க இறுகிக் கிடக்கும் அவர் முகம் அப்போது மட்டும்தான் மலரும். அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

சென்ற டிசம்பரில் லாசரின் முறை வந்தது. இடக்கை ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தது. பெர்சிஸ் யாரையும் கேட்காமல் பியானோவில் கைவைத்து, அந்தத் தட்டுக்குப் பொருத்தமாக நாலு சுரம் வாசித்தாள்.

ஆரோன் ட்ரம்ஸை நிறுத்தினால் போதும், பாட்டும் நின்றுவிடும், சத்தியம் பிழைத்துக்கொள்ளும். அவர் நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் முழுக்க இருவரும் வாசித்தார்கள். கட்லெட் வாங்கப் போனவர்கள் தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள்.

பாட்டு முடிந்ததும் ஃப்ளோரா மேடையருகே வந்தார்.

"எனக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான், ஆரோன். அதையும் குடுத்துட்டியே!"

"நான்தான் வாசிச்சேன் ஆன்ட்டி. ஆரோன் அங்கிள் வாசிக்கச் சொல்லல" என்றாள் பெர்சிஸ்.

"நீ கையை வச்சது தப்பு. இவன் நிறுத்தியிருக்கலாமில்ல?"

ஆரோன் வாய் திறக்கவில்லை. ஃப்ளோரா போய்விட்டார்.

இறந்தவரின் நிமிடத்தில் கேட்காமல் கைவைத்தாள் பெர்சிஸ். தடுக்க முடிந்தும் தடுக்கவில்லை ஆரோன். அது என்னுடையது என்று சண்டைக்கு வந்தார் ஃப்ளோரா. இவர்களில் யார் செய்தது சரி? சத்தியத்தை உடைத்தது யார், எப்போது?

விடை: ஃப்ளோராவின் கோபம் நியாயம்தான். பெர்சிஸ் செய்ததும் சரி. அவள் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை, கூப்பிட்ட குரலுக்குப் போனாள். சத்தியத்தை உடைத்தவர் ஆரோன், ஆனால் அன்றைக்கு அல்ல. தாளத்தை மட்டும் பிடி என்றார் லாசர். அதற்கு வலக்கை ஒன்றே போதும். முதல் வருடமே இடக்கை பேசத் தொடங்கிவிட்டது. ஒன்பது வருடமாக, யாராவது வரமாட்டார்களா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். அதை ஃப்ளோராவிடம் ஒத்துக்கொள்ளாமல், பழியை ஒரு பெண் சுமக்க வாய்மூடி நின்றாரே, அதை மன்னிப்பது கடினம். துணையில்லாமல் இருக்க முடியாதவர், காலி இடத்துக்குக் காவல் இருப்பதாகச் சத்தியம் செய்திருக்கக் கூடாது.